புகைவண்டி நிலையங்களின் வாழ்வும் தாழ்வும்

பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் துறைமுகத்தை அடுத்து, உயர்ந்த மணிக்கூண்டுடன் கூடிய பெரிய கட்டடம் ஒன்று நிற்கிறது. இன்று அது சுங்க இலாகாவின் அலுவலகம். ஆனால் 1907இல் அதைக் கட்டியவர்கள் சுங்கத்துக்காகக் கட்டவில்லை, இரயிலுக்காகவே கட்டினார்கள். பயணிகள் அங்கே சென்று கோலாலம்பூருக்கோ ஈப்போவுக்கோ பயணச்சீட்டு வாங்கினார்கள். மூட்டை முடிச்சுகளை ஒப்படைத்தார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. ஒரே ஒரு குறைதான்: அந்த நிலையத்தில் தண்டவாளம் இல்லை! தீவுக்கு இரயில் பாதை வந்ததே இல்லை. சீட்டு வாங்கியவர் பெர்ரியில் ஏறிக் கடலைக் கடந்து, மறுகரையிலுள்ள பிறையில் வண்டியைப் பிடிக்க வேண்டும்.

தண்டவாளம் இல்லாத நிலையம் என்று இதனை வேடிக்கையாகக் கூறுவர். வேடிக்கை ஒருபுறம் இருக்க, இதில் ஓர் உண்மையும் புலப்படுகிறது. நிலையம் என்பது கட்டடம் மட்டும் அன்று. அது ஒரு வேலை. பினாங்கில் தண்டவாளம் இல்லாமலே, படகுத் துணையுடன், அந்த வேலை செவ்வனே நடந்தது. வேறு பல ஊர்களிலோ கோபுரமும் கூடமும் அழகு குன்றாமல் நிற்க, வேலை மட்டும் போய்விட்டது. கோலாலம்பூர், தஞ்சோங் பகார், ஈப்போ ஆகிய மூன்று பெரிய நிலையங்களின் வரலாற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஒரு நிலையம் எதனால் வாழ்கிறது, எதனால் சாகிறது என்பது தெளிவாகும்.

ஈயத்துக்காக வந்த இரயில்

மலாயாவில் முதல் இரயில் பாதை மக்களை ஏற்றிச் செல்லப் போடப்பட்டதன்று. பேராக் மாநிலத்தில் தைப்பிங் வட்டாரத்து ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டு செல்வதே அதன் நோக்கம். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை 8 மைல் நீளமுள்ள அப்பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் திறக்கப்பட்டது. இலங்கையில் சாலை போட்டுப் பழகிய பயனியர் படையினர் இதற்கெனத் தருவிக்கப்பட்டனர். சதுப்பு நிலத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கிப் பாதை அமைத்த கைகள் அவர்களுடையவை. அடுத்த ஆண்டே கிள்ளானையும் கோலாலம்பூரையும் இணைக்கும் பாதை வந்தது. பின்னர் போர்ட்டிக்சன் - சிரம்பான், தெலுக் ஆன்சன் - தாப்பா ரோடு என்று ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் ஒரு பாதை உள்நாட்டை நோக்கி ஓடியது. சீப்பின் பற்களைப் போல் கடலைப் பார்த்து நின்ற இத்துண்டுப் பாதைகளை வடக்குத் தெற்காக ஒரு முதுகெலும்பால் இணைக்கும் பணி பிறகே நடந்தது. 1901இல் ஐக்கிய மலாய் நாடுகளின் இரயில்வே என்னும் ஒரே நிர்வாகம் ஏற்பட்டது. 1909இல் ஜோகூர் மாநிலப் பாதை முடிந்ததும், பிறையில் ஏறியவர் ஜோகூர் பாரு வரை இரயிலிலேயே செல்ல முடிந்தது.

இப்பாதைகளில் பெரும்பகுதி ஒற்றைப் பாதை. இதை நினைவில் கொண்டால்தான் அந்நாளில் இத்தனை சிறு நிலையங்கள் ஏன் இருந்தன என்பது விளங்கும். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் வந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே சில மைல்களுக்கு ஒரு நிலையம் அமைத்து, அங்கே பக்கப் பாதை ஒன்றையும் போட்டார்கள். ஒரு வண்டி ஒதுங்கி நிற்க, மற்றது கடந்து செல்லும்.

இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதையில் ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் இருக்க வேண்டும். இதற்கு அவர்கள் கண்ட வழி மிக எளியது. அந்தப் பகுதிக்குரிய சாவி வடிவான டோக்கன் எவரிடம் உள்ளதோ அவரே வண்டியை ஓட்டிச் செல்லலாம். இரு நிலையங்களிலும் உள்ள இரும்புப் பெட்டிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு பெட்டியிலிருந்து ஒரு சாவியை எடுத்துவிட்டால், அது மறுபடி ஏதாவது ஒரு பெட்டிக்குள் போகும் வரை இன்னொரு சாவி வெளியே வராது. மனிதன் மறந்தாலும் பெட்டி மறப்பதில்லை. சாவியை ஒரு பெரிய வளையத்தில் மாட்டி நிலைய ஊழியர் கையில் உயர்த்திப் பிடித்திருப்பார். விரைந்து வரும் எஞ்சினிலிருந்து ஓட்டுநரோ அவரது துணையாளோ குனிந்து அதைக் கையில் வாங்கிக் கொண்டு, பழைய வளையத்தை வீசிவிட்டுச் செல்வார். சிங்கப்பூரில் புக்கித் தீமா நிலையத்தில் இந்தக் கைமாற்றம் 2011 வரை நடந்தது என்றால், இம்முறையின் உறுதியை என்னென்பது!

நீராவி எஞ்சினுக்கு அடிக்கடி தண்ணீர் வேண்டும், நிலக்கரி வேண்டும். ஆதலால் நிலையத்தை ஒட்டி நீர்த்தொட்டி இருந்தது. கைகாட்டி மரமும் அதை இயக்கும் சிறு அறையும் இருந்தன. ஊழியர் குடியிருப்பும் பக்கத்திலேயே இருந்தது. நிலைய அதிபர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் பலர் பணியாற்றினர். பாதையைச் சீர்படுத்திய கூலிக் கூட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களே மிகுதி. தோட்டங்களுக்குப் புதிதாக வந்திறங்கிய தொழிலாளருக்கும், கப்பலை விட்டு இறங்கியபின் இந்நாட்டின் முதல் காட்சி பெரும்பாலும் இரயில் பெட்டியின் சன்னல் வழியே கிடைத்ததுதான். அவர்கள் இறங்கிய இடங்கள் குவிமாடமுள்ள நிலையங்கள் அல்ல. பலகைச் சுவரும் அகன்ற இறவாரமும் கொண்ட, மலாய் வீட்டை ஒத்த சிறு மரக் கட்டடங்கள். வெயிலையும் மழையையும் காற்றையும் அறிந்தவர் கட்டிய அக்கட்டடங்களைப் பற்றி எந்தச் சுற்றுலாக் கையேடும் பேசுவதில்லை.

கோலாலம்பூர்: வெளியே மொகலாயர், உள்ளே ஆங்கிலேயர்

கோலாலம்பூர் நிலையம் 1910இல் திறக்கப்பட்டது. செலவு 779,000 வெள்ளி. அதன் படத்தை வரைந்தவர் லிவர்பூலில் பிறந்த ஆர்தர் பெனிசன் ஹப்பக். 1909இல் முடிந்த ஜாமிக் பள்ளிவாசலும், கோலகங்சாரிலுள்ள உபுடியா பள்ளிவாசலும் அவர் கைவண்ணமே. நிலையத்தின் மேல் வரிசை வரிசையாக நிற்கும் சிறு மண்டபங்களும், குதிரை லாட வளைவுகளும், வெண்ணிறச் சுவர்களும் காண்போருக்கு ஓர் அரண்மனையையே நினைவூட்டும்.

மலாய் நாட்டில் வட இந்திய மொகலாயர் பாணி எப்படி வந்தது? இதற்கு விடை இரயில்வே நிர்வாகத்திலேயே இருக்கிறது. சார்ல்ஸ் எட்வின் ஸ்பூனர் என்னும் பொறியாளர் இலங்கையில் பணியாற்றிவிட்டுச் சிலாங்கூருக்கு வந்தவர். 1897இல் முடிவடைந்த அரசாங்கச் செயலகத்துக்கு, இன்றைய சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்துக்கு, ஐரோப்பியப் பாணி வேண்டாம், இசுலாமியப் பாணியே வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவரே. அந்த ஸ்பூனர்தான் 1901இல் இரயில்வேயின் பொது நிர்வாகியானார். 1909இல் அவர் காலமானதால் நிலையத் திறப்பு விழாவைக் காணவில்லை. மலாய் மக்கள் முஸ்லிம்கள். இந்தியாவிலுள்ள முஸ்லிம் மன்னரின் பாணி இவர்களுக்குப் பொருந்தும் என்பது அந்நாளைய ஆங்கிலேயர் கணக்கு. மலாய்த் தச்சருக்கென்று ஒரு கட்டடக் கலை இருந்ததே, அதை ஏன் கேட்கவில்லை என்று எவரும் அவர்களை அன்று கேட்டதாகத் தெரியவில்லை.

இதே பாணி அதே காலத்தில் சென்னையிலும் ஓங்கியிருந்தது. எழும்பூர் நிலையம் 1908இல் திறக்கப்பட்டது. வரைந்தவர் ஹென்றி இர்வின்; கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் சாமிநாதப் பிள்ளை. செங்கல்லும் வெண்கோடுகளும் குவிமாடங்களுமாக நிற்கும் எழும்பூரும், இரண்டாண்டு பின்னர் எழுந்த கோலாலம்பூரும் ஒரு குடும்பத்து உடன்பிறப்புகள் போன்றவை. இன்னோர் ஒற்றுமையும் உண்டு. எழும்பூரில் அன்று ஓடியதும், மலாயாவில் அன்றும் இன்றும் ஓடுவதும் ஒரே அகலமுள்ள பாதைதான்: தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர். எழும்பூரில் ஏறி, கடல் கடந்து, இங்கே மறுபடி இரயிலேறிய தமிழனுக்கு வண்டியின் ஆட்டம் பழகியதாகவே இருந்திருக்கும்.

கோலாலம்பூர் நிலையத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. கூரை மூன்றடி உயரப் பனியைத் தாங்க வேண்டும் என்று இங்கிலாந்தின் விதி கூறியதாம். அதனால் கட்டட வேலையே தாமதப்பட்டதாம். கோலாலம்பூரில் பனி! மெய்யோ பொய்யோ, கதை பிறந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. முகப்பைத் தாண்டி உள்ளே சென்றால் மொகலாயர் மறைந்துவிடுகிறார். இரும்புத் தூண்களும் இரும்புச் சட்டங்களும் கொண்ட, இங்கிலாந்தின் எந்த ஊரிலும் காணக்கூடிய பிளாட்பாரக் கூரை அங்கே இருக்கிறது. முன்புறம் ஊருக்கு, பின்புறம் எஞ்சினுக்கு. எந்தப் பெரிய நிலையமும் இவ்வாறு இரண்டு முகம் உடையதுதான். முன்முகம் மாறாமல் நிற்கலாம். பின்முகமோ வண்டி மாறும்போதெல்லாம் மாறியாக வேண்டும்.

வண்டி மாறியது. 1957 முதல் டீசல் எஞ்சின்கள் வந்தன. நீர்த்தொட்டிகளுக்கு வேலை போயிற்று. 1995இல் கோலாலம்பூரைச் சுற்றி மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. பாதைக்கு மேல் 25,000 வோல்ட்டு மின்சாரம் பாயும் கம்பி சென்றது. கம்பிக்கு இடம் கொடுக்கப் பாலங்களும் கூரைகளும் உயர வேண்டும். பழைய பெட்டிகளில் படியேறி நுழைந்தார்கள். ஆகவே தாழ்ந்த பிளாட்பாரம் போதும். மின்சார வண்டியிலோ தானாகத் திறக்கும் கதவுக்கு நேராக நடந்து செல்ல வேண்டும். ஆகவே பிளாட்பாரம் உயர வேண்டும். இவற்றைக் கோலாலம்பூர் நிலையம் ஒருவாறு சமாளித்தது. சமாளிக்க முடியாதது இடநெருக்கடி. ஒருபுறம் சாலை, மறுபுறம் கிள்ளான் ஆறு. விமான நிலைய இரயில், நகர இலகு இரயில், நெடுந்தூர வண்டி எல்லாம் ஒன்றுகூட அங்கே இடம் ஏது?

இடம் பக்கத்திலேயே பிரிக்பீல்ட்சில் இருந்தது. சரக்குப் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் பழைய இரயில்வே முற்றம் அது. சப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவாவின் திட்டப்படி அங்கே எழுந்த சென்ட்ரல் நிலையம் 2001இல் பணியைத் தொடங்கியது. தலைநகரின் தலைமை நிலையம் என்னும் பட்டம் அன்றே பழைய கட்டடத்தை விட்டு நீங்கியது. புறநகர் மின்வண்டிகள் இன்னும் அங்கே நிற்கின்றன. பயணிகள் இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள். ஆனால் வழியனுப்பும் கூட்டமும் விடுதியும் இல்லை. முழுதும் இறந்துவிடவில்லை, பதவி ஓய்வு பெற்றுவிட்டது எனலாம். புதிய நிலையம் வசதி மிக்கது. குளிர்சாதனமும் கடைகளும் நிறைந்தது. ஆனால் அதன் முகப்பு எது என்று கேட்டால் அன்றாடம் அதில் செல்பவரும் சற்றுத் திகைப்பார். கடைத்தொகுதிக்குள் நுழைந்தவர் எப்போது நிலையத்துக்குள் வந்தார் என்பதை அறியமாட்டார்.

தஞ்சோங் பகார்: நிலம் ஒருவருக்கு, நாடு ஒருவருக்கு

தஞ்சோங் பகாரின் கதை இன்னும் சிக்கலானது. சிங்கப்பூரில் இரயில் 1903இலேயே வந்துவிட்டது. அப்போது நகரத்திலிருந்த கடைசி நிலையம் டேங்க் ரோட்டில் இருந்தது. 1918இல் சயாம் எல்லையில் இருநாட்டுப் பாதைகளும் பாடாங் பெசாரில் இணைந்தன. 1923இல் ஜோகூர்க் கடற்பாலத்தின் மேல் இரயில் ஓடத் தொடங்கியது. இனிச் சிங்கப்பூர் ஒரு தீவின் ஊர் அன்று. ஆசியக் கண்டத்தின் இரயில் வரிசையில் தெற்குக் கோடி. அந்தப் பெருமைக்கு ஏற்ற நிலையம், அதுவும் கப்பல் துறையை ஒட்டி, வேண்டும் என்று எண்ணினார்கள். சுவான் மெக்லாரன் நிறுவனத்தார் வரைந்த நிலையத்தை 1932ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் கவர்னர் சர் செசில் கிளமெண்டி திறந்து வைத்தார்.

இங்கே மொகலாயர் இல்லை. முகப்பில் நான்கு வெண்சலவைக்கல் உருவங்கள் நிற்கின்றன. அவை உழவு, வாணிகம், போக்குவரத்து, கைத்தொழில் ஆகியவற்றைக் குறிப்பன. ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஆங்கில எழுத்து: எப், எம், எஸ், ஆர். ஐக்கிய மலாய் நாடுகளின் இரயில்வே என்பதன் முதலெழுத்துகள். உள்ளே உயர்ந்த வளைகூரைக் கூடம். சுவர்களில் நெல் நடவும், பால்மரச் சீவலும், ஈயச் சுரங்கமும், மாட்டு வண்டியும், துறைமுகமும் பெரிய வண்ணப் படங்களாக விளங்குகின்றன. எவருடைய உழைப்பால் அந்த இரயில் வாழ்ந்ததோ, அவர்களையே கூடத்தின் சுவரில் ஏற்றி வைத்தது நல்ல எண்ணம்தான். படத்திலுள்ளவர்கள் மூன்றாம் வகுப்புப் பெட்டியில்தான் ஏறியிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

கட்டடத்தில் குறை ஒன்றும் இல்லை. குறை அடி மண்ணில் இருந்தது. சிங்கப்பூர் ஐக்கிய மலாய் நாடுகளில் சேர்ந்ததன்று. நீரிணைக் குடியேற்ற நாடுகளில் ஒன்று. ஆயினும் 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, சிங்கப்பூரில் பாதை சென்ற நிலம் 999 ஆண்டுக் குத்தகையாக மலாய் இரயில்வேயின் கைக்கு வந்தது. இரண்டுமே ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தவரை இது காகிதக் கணக்கு. 1946இல் ஐக்கிய மலாய் நாடுகள் என்னும் அமைப்பே மறைந்தது. நான்கு எழுத்துகளும் சுவரில் நின்றன. 1965இல் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. அப்போதுதான் காகிதக் கணக்கு உயிர்பெற்றது. ஒரு நாட்டின் தலைநகருக்குள், இன்னொரு நாட்டின் இரயில்வே ஆளும் நீண்ட நிலத்துண்டு!

1990இல் இரு நாடுகளும் ஓர் உடன்படிக்கை செய்து கொண்டன. அதன் சொற்களுக்குப் பொருள் கூறுவதில் கருத்து வேறுபாடு எழுந்தது. இருபது ஆண்டுகள் பேச்சு நீண்டது. இதற்கிடையில் 1998 ஆகஸ்டில் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்சுக்கு மாற்றிக் கொண்டது. மலேசிய அதிகாரிகள் தஞ்சோங் பகாரிலேயே இருந்தார்கள். விளைவு விந்தையானது. பயணி தஞ்சோங் பகாரில் மலேசியாவுக்குள் நுழைந்துவிட்டார் என்று கணக்கு எழுதப்படும். பிறகு வண்டியேறி, சிங்கப்பூரின் வீடுகளையும் மரங்களையும் பார்த்துக் கொண்டே சென்று, உட்லண்ட்சில் இறங்கிச் சிங்கப்பூரை விட்டு வெளியேறுவார். வெளியேறுமுன் நுழைந்தவர்! உலகில் இப்படி எல்லை கடந்தவர் அரியர்.

2010 மே மாதத்தில் தீர்வு பிறந்தது. நிலையம் உட்லண்ட்சுக்கு மாறும். இரயில் நிலத்துக்கு ஈடாக மரீனா சவுத்திலும் ஓப்பிர் - ரோச்சோர் பகுதியிலும் நிலம் தரப்படும். அங்கே இரு நாடுகளுக்கும் உரிமையான கூட்டு நிறுவனம் வானளாவிய கட்டடங்களை எழுப்பியது. 2011 ஜூன் 30ஆம் நாள் இரவு கடைசி வண்டி தஞ்சோங் பகாரை விட்டுப் புறப்பட்டது. ஓட்டியவர் ஜோகூர் சுல்தான் இப்ராகிம். 2024இல் மலேசிய மாமன்னரானவர் அவரே. தம் கொள்ளுப்பாட்டனார் காலத்தில் கடற்பாலத்தின் மேல் தொடங்கிய இரயில் ஓட்டத்தின் கடைசி வண்டியைத் தாமே ஓட்ட விரும்பினார் அவர். பாதை ஓரமெங்கும் மக்கள் திரண்டு நின்றார்கள். இரயிலில் ஒருமுறையும் ஏறாத பலரும் அக்கூட்டத்தில் இருந்திருக்கக் கூடும். இழக்கும்போதுதான் ஒரு பொருள் கண்ணில் படுகிறது போலும்.

நிலையம் அதே ஆண்டில் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்தது. தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு மலேசிய இரயில்வேக்குத் திருப்பித் தரப்பட்டன. 24 கிலோமீட்டர் பாதை நடைவழியாயிற்று. புக்கித் தீமாவில் சாலைக்கு மேல் செல்லும் இரும்புப் பாலங்கள் இரண்டையும், அருகிலிருந்த சிறு நிலையத்தையும் காப்பாற்றி வைத்தார்கள். தஞ்சோங் பகாரின் பழைய பிளாட்பாரங்களுக்கு அடியிலோ பாதாள இரயிலின் வட்டப் பாதைக்காகக் கண்டோன்மெண்ட் என்னும் நிலையத்தைத் தோண்டும் பணி தொடங்கியது. மேலே இரயில் போன இடத்தில், கீழே இரயில் வருகிறது. கட்டடத்தைப் பொறுத்தவரை இதைவிட நல்ல செய்தி வேறில்லை. காட்சிப் பொருளாக மட்டும் நிற்கும் நிலையத்தைவிட, வேலைக்குப் போகிறவன் காலையில் ஓடி நுழையும் நிலையம் நெடுநாள் வாழும்.

மலாக்காவும் ஈப்போவும்

சட்டமும் குத்தகையும் மட்டுமே பாதையை அழிப்பன அல்ல. தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு ஒரு கிளைப்பாதை ஓடிற்று. சப்பானியர் ஆட்சியில் அதன் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துச் சென்றார்கள். கிழக்குக் கரைப் பாதையிலும் பெரும்பகுதி அவ்வாறே போயிற்று. இரும்பு சென்ற இடம் சயாம் - பர்மா இரயில் பாதை. இரும்போடு மனிதரும் சென்றனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழரில் பல்லாயிரவர் அந்தக் காட்டிலேயே மாண்டனர். தைப்பிங்கில் பாதை போட்டவரின் இனத்தாரே, மலாயாவிலிருந்து பெயர்த்த தண்டவாளங்களை அங்கே மறுபடி பதித்தனர். கிழக்குக் கரைப் பாதை 1953இல் மீண்டும் முழுமை பெற்றது. மலாக்கா நகருக்கோ இரயில் திரும்பவே இல்லை. அவ்வூருக்குச் செல்பவர் இன்றும் தம்பின் நிலையத்தில் இறங்கி, எஞ்சிய வழியைச் சாலையில்தான் கடக்க வேண்டும்.

ஈப்போவின் நல்லூழ் வேறு. ஹப்பக் வரைந்த அந்த நிலையம் 1917இல் முடிந்தது. ஊரார் அதைத் தாஜ்மகால் என்றே செல்லமாக அழைக்கின்றனர். மாடியில் இருந்த மெஜஸ்டிக் ஓட்டலின் தாழ்வாரம் 600 அடி நீளம். பிரம்பு நாற்காலியில் சாய்ந்து ஊரைப் பார்க்க அதைவிடச் சிறந்த இடம் அக்காலத்தில் இல்லை. ஓட்டல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் நிலையம் மூடப்படவில்லை. ரவாங்கிலிருந்து ஈப்போ வரை இரட்டைப் பாதையும் மின்கம்பியும் வந்தபோது, பொறியாளர்கள் முகப்பைத் தொடாமல் பின்புறத்தை மாற்றினார்கள். உயர்ந்த பிளாட்பாரங்கள் எழுந்தன. 2010 ஆகஸ்டில் மின்சார விரைவு வண்டி ஓடத் தொடங்கியது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவல்ல அவ்வண்டி, கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் ஈப்போவுக்கு வந்துவிடுகிறது. இறங்குகிறவர்கள் 1917ஆம் ஆண்டுக் கூடத்தின் வழியே வெளியேறி, பூங்காவையும் எதிரேயுள்ள நகர மண்டபத்தையும் பார்க்கிறார்கள். ஈப்போவில் இடம் இருந்தது. பாதை அதே இடத்தில் தொடர்ந்தது. நிலம் யாருடையது என்ற வழக்கும் இல்லை. கோலாலம்பூரில் முதலாவது இல்லை. மலாக்காவில் இரண்டாவது போயிற்று. தஞ்சோங் பகாரில் மூன்றாவது எல்லாவற்றையும் கொண்டு போயிற்று. கட்டடக் கலையின் உயர்வு தாழ்வு இந்த நான்கில் எதையும் தீர்மானிக்கவில்லை.

பெயர்ப்பலகை

பெரிய நிலையங்களுக்காகப் பேச ஆட்கள் உண்டு. சிறியவற்றுக்கு இல்லை. ஈப்போவின் முகப்பைக் காத்த அதே இரட்டைப் பாதைத் திட்டம், வழியிலிருந்த மர நிலையங்கள் பலவற்றை இடித்துவிட்டது. தஞ்சோங் மாலிம், சிலிம் ரீவர், தாப்பா ரோடு முதலிய ஊர்களில் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற புதிய நிலையங்கள் எழுந்தன. மேம்பாலமும் மின்தூக்கியும் கொண்ட அவை முதியோருக்கும் நோயாளருக்கும் நன்மையே. அதை மறுப்பது நேர்மையன்று. தாழ்ந்த பிளாட்பாரத்திலிருந்து குழந்தையைத் தூக்கிக் கொண்டு படியேறியவர் எவரும் மறுக்கவும் மாட்டார். இரட்டைப் பாதையில் எதிர்வண்டிக்குக் காத்து நிற்கும் வேலையும் இல்லை. சாவி வளையமும் இல்லை. விளக்குகளைத் தொலைவிலுள்ள ஓர் அறையே மாற்றுகிறது. எனவே சிறு நிலையத்தின் அதிபரும் அவர் குடும்பமும் வாழ்ந்த குடியிருப்புக்கு வேலை இல்லாமற் போயிற்று. ஆயினும் ஓர் ஊருக்கு ஒரு மரக் கட்டடத்தையாவது விட்டு வைத்திருக்கலாம். அதற்கு ஆகும் செலவு, ஒரு குவிமாடத்துக்கு வெள்ளையடிக்கும் செலவைவிட மிகுதியாக இருந்திருக்காது.

முதல் பாதையின் முடிவிடமாகிய போர்ட் வெல்ட் இன்று கோலா செபெத்தாங் எனப்படுகிறது. மீன்பிடிப் படகுகள் நிறைந்த சிற்றூர் அது. 1885ஆம் ஆண்டுப் பாதை எடுக்கப்பட்டுப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. நிலையம் இருந்த இடத்தில் ஒரு காப்பிக் கடை நடக்கிறது. பயணச்சீட்டு கொடுத்த சிறு அறை ஒன்று எஞ்சியிருக்கிறது. அதன் பக்கத்தில் பழைய பெயர்ப்பலகையும் நிற்கிறது. அதில் ஊரின் பெயர் ஆங்கிலத்திலும் ஜாவியிலும் சீனத்திலும் தமிழிலும் எழுதப்பட்டிருக்கிறது. காப்பி குடிக்க வருகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக் கொண்டு போகிறார்கள்.